படவேட்டுப் பகுதித் தோட்டப்பயிர்களும் இலைச்சுரங்க ஈயும்: ஓம்புயிரிகள், வாழ்வியல், பெயரீட்டுச் சிக்கல்

ஆய்வுச் சுருக்கம்

லிரியோமைசா டிரைஃபோலியை என்னும் இலைச்சுரங்க ஈ 1990களின் தொடக்கத்தில் இந்தியாவிற்குள் நுழைந்து, இன்று தமிழகத்தின் தக்காளி, அவரையினம், பூசணியினம், ஆமணக்கு, சாமந்தி முதலிய பயிர்களில் நிலைபெற்றுள்ளது. இக்கட்டுரை அதன் வாழ்க்கை வட்டத்தையும் ஓம்புயிரித் தெரிவையும் விளக்குகிறது. இலைக்குள் வாழும் ஈ, அந்து, வண்டு ஆகிய மூவகைப் பூச்சிகளையும் தமிழில் ஒரே பெயரால் குறிக்கும் வழக்கம், பயிர்ப் பாதுகாப்பில் தவறான முடிவுகளுக்கு இடமளிக்கிறது என்பதைப் படவேடு, ஆரணி வட்டாரப் பயிர்களை முன்வைத்து எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: இலைச்சுரங்க ஈ, அக்ரோமைசிடே, ஓம்புயிரி, ஒட்டுண்ணிக் குளவி, கலைச்சொல், படவேடு.

முன்னுரை

திருவண்ணாமலை மாவட்டத்தில் சவ்வாது மலையின் அடிவாரத்தில் அமைந்தது படவேடு. சம்புவராயர் காலத்தில் தலைநகராக விளங்கிய ‘படைவீடு’ மக்கள் நாவில் தேய்ந்து படவேடு ஆயிற்று. இன்று ரேணுகாம்பாள் கோயிலால் பலரும் அறிந்த ஊர் இது. இவ்வூரை ஒட்டி ஓடும் கமண்டல நாகநதி கீழே பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணியை அடைகிறது. நெல், வாழை, நிலக்கடலை ஆகியவற்றோடு காய்கறியும் பூவும் பயிராகும் வட்டாரம் இது.

இத்தகைய வட்டாரத்தில் தக்காளி, தட்டைப்பயறு, பீர்க்கு ஆகியவற்றின் இலைகளில் வெண்ணிறக் கோடு ஒன்று வளைந்து வளைந்து செல்வதைக் காணாத உழவர் இரார். அக்கோட்டை உண்டாக்குவது எது என்னும் கேள்விக்குத் தமிழில் கிடைக்கும் விடை பெரும்பாலும் ‘இலைத்துளைப்பான்’ என்பதாகும். எலுமிச்சையின் தளிரில் காணப்படும் கோட்டிற்கும் அதே பெயர். ஆங்கிலப் பெயரால் இவற்றோடு ஓரினமாக எண்ணப்படும் நிலக்கடலைப் பூச்சிக்குச் ‘சுருள்பூச்சி’ என்று பெயர். தக்காளியில் இருப்பது ஈ. எலுமிச்சையிலும் நிலக்கடலையிலும் இருப்பவை இருவேறு குடும்பங்களைச் சேர்ந்த அந்துகள். பெயர் ஒன்றாயின் மருந்தும் ஒன்றே என்று கொள்ளும் இயல்பு மாந்தர்க்கு உண்டு. இக்கட்டுரையின் கவலை அதுவே.

‘புழு’ என்னும் சொல்லின் அகலம்

சிக்கல் ‘துளைப்பான்’ என்பதில் தொடங்கவில்லை; அதற்கு முன்பே ‘புழு’ என்பதில் தொடங்குகிறது. தமிழில் மண்புழுவும் புழு, பட்டுப்புழுவும் புழு, ஈயின் இளநிலையும் புழு. ஆரணியின் தறிகளில் ஏறும் பட்டைத் தருவது ஓர் அந்தின் இளநிலை. அதற்கு மார்பில் மூன்று இணை மெய்க்கால்களும், வயிற்றில் ஐந்து இணைப் பொய்க்கால்களும், இலையைக் கடித்துத் தின்பதற்குரிய வலிய தாடைகளும் உண்டு. இலைச்சுரங்க ஈயின் இளநிலைக்குக் கால் இல்லை; வெளித்தெரியும் தலையும் இல்லை. வாயில் உள்ள ஒரு கறுத்த கொக்கியே அதன் கருவி முழுவதும். தொல்காப்பிய மரபியல் உயிர்களைப் புலனறிவின் எண்ணிக்கையால் வகுத்தது. இன்றைய பூச்சியியல் சிறகு, கால், வாயுறுப்பு ஆகியவற்றால் வகுக்கிறது. வகைப்பாட்டின் அடிப்படை மாறிய பின்னும் சொல் பழைய அகலத்திலேயே நிற்பதால், படிப்பவர் மனத்தில் இரண்டு புழுக்களும் ஒன்றாகிவிடுகின்றன.

வயலில் நின்று வேறுபடுத்துவது கடினமன்று. கோட்டின் முனையைக் கிழித்து உள்ளிருப்பதை நகத்தின்மேல் எடுத்துவைத்துக் கைவில்லையால் நோக்கினால் போதும். தலை தெளிவாகத் தெரிந்தால் அது ஈயன்று. தலையின்றி, மஞ்சள் நிறத்தில், முன்புறம் கூர்ந்து கொக்கி மட்டும் அசைந்தால் அது ஈயின் புழு. நெல்லில் முள்வண்டின் புழுவும் இலையின் இரு தோல்களுக்கிடையே வாழ்ந்து பச்சையத்தை உண்கிறது. ஆனால் அது கோடாக இன்றிப் பட்டையான வெண்திட்டாக வெளிப்படும். அப்புழுவுக்கும் தலை உண்டு.

வந்த வழி

லிரியோமைசா டிரைஃபோலியை, இருசிறகிகள் வரிசையில் அக்ரோமைசிடே குடும்பத்தைச் சேர்ந்தது. 1880இல் பர்கெஸ் என்பவர் அமெரிக்காவில் வெண் குளோவர்ச் செடியிலிருந்து கிடைத்த ஈக்களைக் கொண்டு இதனை விவரித்தார். டிரைஃபோலியம் என்பது அச்செடியின் பேரினப் பெயர். படவேட்டில் எவரும் பயிரிடாத ஒரு தீவனச் செடியின் பெயரைச் சுமந்தபடி இந்த ஈ நம் தக்காளியில் வாழ்கிறது என்பது பெயரீட்டின் விந்தைகளுள் ஒன்று. அறிவியற் பெயரும் முதன்முதலில் கண்ட இடத்தைத்தான் சொல்கிறது; அதன் ஓம்புயிரி எல்லையைச் சொல்வதில்லை.

அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியும் கரீபியத் தீவுகளும் இதன் தாயகம். அதனை உலகெங்கும் கொண்டு சென்றது சாமந்தி வணிகம். புளோரிடாவிலிருந்து அனுப்பப்பட்ட சாமந்தித் துண்டுகளோடு 1976இல் இது கென்யாவை அடைந்தது. அங்கிருந்து ஏற்றுமதியான செடிகளோடு ஐரோப்பாவிற்கும் சென்றது. வேரூன்றாத சிறு துண்டின் இலைக்குள் முட்டையோ இளம்புழுவோ இருந்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. தாவரத் தடுப்பாய்வுக்கு இது எளிதில் அகப்படாமைக்கு இதுவே காரணம். இந்தியாவில் 1990களின் தொடக்கத்தில் இதன் வருகை பதிவாயிற்று. ஐதராபாத் பகுதியில் ஆமணக்கிலும், கருநாடகத்தில் தக்காளி முதலியவற்றிலும் கண்டறியப்பட்டது. இங்கும் சாமந்திச் செடிகளே வாயிலாக இருந்திருக்கும் என்பது பொதுவான கருத்து. சில ஆண்டுகளிலேயே தென்னிந்தியாவின் காய்கறி வட்டாரங்கள் பலவற்றில் அது காணப்பட்டது.

இதே பேரினத்தின் மற்றொரு சிற்றினமான லிரியோமைசா ஹுயிடோபிரென்சிஸ் 1990களின் பிற்பகுதியில் இலங்கையின் மலையக உருளைக்கிழங்கு வயல்களைத் தாக்கியது. குளிர்ந்த நிலத்தை விரும்பும் அதுவும் வெப்பத்தை விரும்பும் இதுவும் ஒரே தலைமுறைக்குள் தமிழ் பேசும் இரு நிலங்களுக்கும் வந்து சேர்ந்தவை.

இலைக்குள் வாழ்வு

வளர்ந்த ஈ இரண்டு மில்லிமீட்டர் அளவே இருக்கும். தலை மஞ்சள், முதுகு மங்கிய சாம்பல் கலந்த கருமை, முதுகின் பின்புறத்தே ஒரு மஞ்சள் புள்ளி. பெண் ஈ தன் முட்டையிடும் உறுப்பால் இலைத்தோலில் குத்தித் துளையிட்டு, அதிலிருந்து கசியும் சாற்றை உண்ணும். ஆண் ஈக்கு இலையைக் குத்தும் உறுப்பு இல்லை. பெண் குத்திய துளைகளிலேயே அதுவும் பசியாறும். இத்துளைகள் இலைமேல் வெண்புள்ளிகளாகத் தெரியும். அவை எல்லாவற்றிலும் முட்டை இருப்பதில்லை. ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்தில்தான் உயிருள்ள முட்டை இருக்கும். எஞ்சியவை உணவுக்கும் சுவை பார்ப்பதற்கும் ஆனவை. ஓம்புயிரித் தெரிவு நிகழும் இடம் இதுவே ஆதலின், முதலில் கவனிக்க வேண்டியது கோட்டை அன்று, புள்ளியை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. கோடு தோன்றுவதற்குச் சில நாள் முன்பே புள்ளி தோன்றிவிடுகிறது.

முட்டை 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் நீளமுடையது. இரண்டு முதல் ஐந்து நாளில் பொரியும். புழு இலையின் மேற்தோலுக்குக் கீழுள்ள, பச்சையம் மிகுந்த பாலிசேட் திசுவைத் தின்றுகொண்டே முன்னேறும். இரு தோல்களையும் அது துளைப்பதில்லை. அதனால்தான் ‘துளைப்பான்’ என்னும் சொல் இதற்குப் பொருந்தவில்லை. தண்டுத்துளைப்பானும் காய்த்துளைப்பானும் செய்யும் செயல் வேறு, இது செய்யும் செயல் வேறு. சுரங்கம் தொடக்கத்தில் மயிரிழை போன்று இருக்கும். புழு இருமுறை தோலுரித்து வளர வளர அகலும். ஆகவே கோட்டின் அகலத்தைக் கொண்டு புழுவின் பருவத்தை மதிப்பிடலாம். கோட்டினுள் கருநிறமாக இருபுறமும் மாறி மாறித் தெரிவது அதன் கழிவு. நம் வெப்பநிலையில் நான்கு முதல் ஏழு நாளில் புழுப்பருவம் முடிந்துவிடும்.

அடுத்து நிகழ்வது நடைமுறைக்கு இன்றியமையாதது. முதிர்ந்த புழு கோட்டின் அகன்ற முனையில் பிறை வடிவில் தோலைக் கீறி வெளியேறி, பெரும்பாலும் தரையில் விழுந்து, மண்ணின் மேற்பரப்பில் கூட்டுப்புழுவாகிறது. ஏழு முதல் பதினான்கு நாளில் ஈ வெளிப்படும். எனவே நீண்டு அகன்று, வெளேரென்று கண்ணைப் பறிக்கும் கோடு வெறுமையான வீடு. அதைக் கண்டு மருந்து தெளிப்பவர், குடியிருந்தவர் போனபின் வாசலில் தண்டோரா போடுகிறார். பட்டாணியிலும் கடுகிலும் காணும் ஃபைட்டோமைசா ஹார்ட்டிகோலா என்னும் மற்றொரு ஈ அவ்வாறன்று. அது இலைக்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, தன் மூச்சுக்குழல் நுனிகளை மட்டும் தோலுக்கு வெளியே நீட்டிக்கொள்ளும். அதன் கோடுள்ள இலையைப் பறித்து எரித்தால் பயன் உண்டு. டிரைஃபோலியையின் முற்றிய கோடுள்ள இலையைப் பறிப்பதால் செடி இலையை இழப்பதே மிச்சம். எலுமிச்சை அந்தாகிய ஃபில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா, இலையின் ஓரத்தைச் சுருட்டி அதனுள் கூடாகும். கல்கத்தாவில் கிடைத்தவற்றைக் கொண்டு 1856இல் ஸ்டெயின்டன் விவரித்த சிற்றினம் அது. நம் ஈயைப் போல் வந்தேறியன்று. நிலக்கடலையின் சுருள்பூச்சியோ முதற்பருவத்தில் மட்டுமே இலைக்குள் இருந்து, பின்னர் வெளியே வந்து இலைகளை நூலால் பிணைத்து அவற்றினிடையே வாழும். ஒரே ‘இலைத்துளைப்பு’ என்னும் தலைப்பின்கீழ் நான்கு வேறு வாழ்வுகள். நான்கிற்கும் தலையிட வேண்டிய நேரமும் இடமும் வேறு.

ஓம்புயிரிகள்

அக்ரோமைசிடே குடும்பத்தில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் மிகப்பெரும்பாலானவை ஒரே செடியையோ, நெருங்கிய உறவுடைய சில செடிகளையோ மட்டும் சார்ந்தவை. இக்குடும்பத்தைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்ட கென்னத் ஸ்பென்சர், உலகின் அக்ரோமைசிடே ஈக்களின் ஓம்புயிரிச் சார்பை 1990இல் தனி நூலாகவே எழுதினார். பலதரப்பட்ட குடும்பங்களின் செடிகளை உண்ணும் சிற்றினங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அந்தச் சிலவற்றுள் ஒன்றுதான் டிரைஃபோலியை. பயிர்ப்பகையாகப் பெயர் பெற்றவையும் அந்தச் சிலவே என்பது தற்செயலன்று. வேற்று நிலத்தில் இறங்கும் ஒரு பூச்சிக்குப் பழகிய செடி கிடைக்காவிடினும், பழகாத செடியில் வாழத் தெரிந்தால் அது நிலைத்துவிடுகிறது.

இருபத்தைந்து தாவரக் குடும்பங்களுக்குக் குறையாமல் இதன் ஓம்புயிரிகள் பதிவாகியுள்ளன. அவற்றுள் சூரியகாந்திக் குடும்பத்தின்மீது அதற்குத் தனி விருப்பம். சாமந்தி, செர்பெரா, சூரியகாந்தி, துலுக்கச் சாமந்தி ஆகியவை அக்குடும்பத்தவை. கத்தரிக் குடும்பத்தில் தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு; அவரைக் குடும்பத்தில் தட்டைப்பயறு, அவரை, பீன்ஸ்; பூசணிக் குடும்பத்தில் வெள்ளரி, பீர்க்கு, பூசணி, தர்ப்பூசணி; இவற்றோடு பருத்தி, வெண்டை, ஆமணக்கு, வெங்காயம். இவ்வட்டாரத்தின் பெரும்பயிர்களான நெல்லும் வாழையும் இதன் முதன்மை ஓம்புயிரிகள் அல்ல. ஆனால் வயல் ஓரத்தில் தானாக முளைக்கும் மணத்தக்காளி ஓம்புயிரியாகும். காய்கறி அறுவடையான பின்னும் அடுத்த நடவு வரை ஈயைத் தாங்கி நிற்பவை வரப்போரச் செடிகளும் வேலியோர ஆமணக்குமே. ஓம்புயிரிப் பட்டியலைப் பயிர்களோடு நிறுத்திவிடும் கையேடுகள் இப்பாலத்தைக் காட்டத் தவறுகின்றன.

பட்டியலில் இடம்பெறுவது ஒன்று, சேதமடைவது மற்றொன்று. முதிர்ந்த தக்காளிச் செடியின் கீழிலைகளில் கோடுகள் நிறைந்திருப்பினும், மேலிலைகள் ஒளிச்சேர்க்கையைத் தொடர்வதால் காய்ப்பு குறிப்பிடத்தக்க அளவு குறையாமல் போகலாம். அதே ஈ வெள்ளரி, பீன்ஸ், தக்காளி நாற்றுகளின் விதையிலைகளில் குடியேறினால் கதை வேறு. நாற்றுக்கு உள்ளவை இரண்டே விதையிலைகள். அவை வெளுத்தால் வளர்ச்சி நின்றுவிடும். பூவுக்காகவும் தழைக்காகவும் வளர்க்கப்படும் செடிகளிலோ ஒரு கோடு இருந்தாலும் விலை வீழும். சாமந்தியில் பொறுக்கலாகாதது தக்காளியில் பொறுக்கத்தக்கது.

செடிகளும் வாளாவிருப்பதில்லை. தென்னமெரிக்கக் காட்டுத் தக்காளியான சொலானம் பென்னெல்லியையின் இலைமயிர்கள் ஒருவகைப் பிசுபிசுப்பான அசைல் சர்க்கரைகளைச் சுரக்கின்றன. அவை உள்ள இலையில் டிரைஃபோலியை குத்துவதும் முட்டையிடுவதும் குறைகின்றன என்று 1990களில் ஆய்வுகள் காட்டின. பயிர்த் தக்காளியில் இப்பண்பு இல்லை.

ஒரு பெயருக்குள் ஒரே சிற்றினந்தானா என்னும் ஐயமும் எழுந்துள்ளது. 2006இல் ஷெஃபர், லூயிஸ் ஆகியோர் இதன் மைட்டோகாண்டிரிய மரபணுவை ஆய்ந்தபோது, அமெரிக்காவில் மிளகாயினச் செடிகளில் வாழும் ஈக்கள் பிறவற்றினின்று நெடுங்காலமாகப் பிரிந்த கிளையைச் சேர்ந்தவை என்று கண்டனர். உலகில் பரவிய வந்தேறிகளாக அவர்கள் ஆய்ந்தவை அனைத்தும் வேறோர் ஒற்றைக் கிளையைச் சேர்ந்தவை. ஆகவே அமெரிக்கப் பட்டியலில் மிளகாய் இருக்கிறது என்பதாலேயே நம் வட்டார ஈக்கும் அது ஓம்புயிரி என்று எழுதிவிடுதல் தகாது. பட்டியல்களை மொழிபெயர்த்துச் சேர்ப்பதைவிட, ஓர் ஊரின் இலையிலிருந்து ஈயை வளர்த்தெடுத்து அடையாளம் காண்பதே ஓம்புயிரிப் பதிவாகும். அவ்வாறு வளர்ப்பினும், இதனை லிரியோமைசா சட்டைவேயினின்று பிரிப்பது எளிதன்று. சட்டைவேயின் முதுகு பளபளக்கும் கருமை. உச்சந்தலையின் வெளி முள்மயிர் கருநிலத்தில் நிற்கும். டிரைஃபோலியையில் முதுகு மங்கல். அம்மயிர் மஞ்சள் நிலத்தில் நிற்கும். ஐயமறத் தெளிவதற்கு ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் காண வேண்டும்.

குளவியும் மருந்தும்

இந்த ஈயின் முட்டையும் புழுவும் இலைக்குள், கூட்டுப்புழு மண்ணில், வெளியில் திரிவது வளர்ந்த ஈ மட்டும். தொட்டால் கொல்லும் மருந்தைத் தெளித்தால் அது சேரும் இடம் இலையின் மேற்பரப்பு. அங்கே நாள்தோறும் நடமாடுவது வேறொரு பூச்சி: யூலோஃபிடே குடும்பத்து நுண்குளவிகள். இந்தியாவில் ஹெமிப்டார்செனஸ் வேரிகார்னிஸ் இவற்றுள் பரவலாகக் காணப்படுவது. பிற நாடுகளில் டிக்ளிஃபஸ் ஐசியா என்பது வளர்த்து விற்கப்படுகிறது. பெண் குளவி இலைமேல் நடந்து, கோட்டினுள் இருக்கும் புழுவைக் கண்டு, இலைத்தோலின் வழியே கொட்டிச் செயலிழக்கச் செய்து, அதனருகே முட்டையிடும். குளவியின் புழு அச்சுரங்கத்திலேயே ஈயின் புழுவைத் தின்று வளரும். டிக்ளிஃபஸ் கூடாவதற்கு முன் தன் கழிவையே சிறு தூண்களாக நிறுத்தி, இரு தோல்களும் தன்மேல் அழுந்தாதபடி தாங்கச் செய்கிறது. சுரங்கத்திற்கு முட்டுக் கொடுக்கும் தொழிலாளி போலும் இச்செயலை, இலையை ஒளிக்கெதிரே பிடித்தால் கறுத்த சிறு புள்ளி வரிசையாகக் காணலாம். பாதியில் நின்றுபோன குறுங்கோடுகள் ஒரு தோட்டத்தில் மிகுந்திருந்தால், குளவி வேலை செய்கிறது என்று கொள்ளலாம்.

இக்குளவிகளை அழித்தால் என்ன நேரும் என்பது ஊகமன்று. கலிபோர்னியாவில் ஓட்மன், கென்னடி ஆகியோர் 1976இல் வெளியிட்ட ஆய்வில், தக்காளியில் மெத்தோமைல் தெளித்த பகுதிகளில் சட்டைவே ஈ குறையாமல் பெருகியது. குளவிகள் குறைந்ததே காரணம். காய்ப்புழுவுக்காகத் தெளித்த மருந்து இலைச்சுரங்க ஈயை வளர்த்துவிடுகிறது. பின்னர் அந்த ஈக்கென்று மற்றொரு மருந்து. ஈயோ விரைந்து எதிர்ப்பாற்றல் பெறுவதில் பெயர்பெற்றது. இருவாரத்திலிருந்து மூன்று வாரத்திற்குள் ஒரு தலைமுறை முடிவதால், ஒரு பருவப் பயிருக்குள் பல தலைமுறைத் தெரிவு நிகழ்ந்துவிடுகிறது.

இதற்கு மாறாக வேப்பங்கொட்டைச் சாறு இலைக்குள் ஊடுருவிப் புழுவின் தோலுரிப்பைக் குலைக்கிறது; இலைமேல் நடக்கும் குளவிக்கு அதனால் நேரும் கேடு குறைவு. ஐந்து விழுக்காட்டுச் சாறு தமிழகத்தில் நெடுநாளாகப் பரிந்துரைக்கப்படுவது. மஞ்சள் ஒட்டுப்பொறி ஈயின் வருகையை அறிவதற்கு உதவும். அது மட்டுமே கட்டுப்படுத்திவிடாது. நாற்றங்காலை வலையால் மூடுவதும், கோடுள்ள நாற்றை நடாமல் விலக்குவதும் வேறெதையும்விடச் செலவு குறைந்தவை.

கலைச்சொற்கள்

இக்கட்டுரை ‘இலைச்சுரங்க ஈ’, ‘இலைச்சுரங்க அந்து’, ‘இலைச்சுரங்க வண்டு’ என்று வரிசை தோன்றப் பெயரிடுவதை முன்மொழிகிறது. பெயரின் இறுதியிலேயே ஈயா அந்தா என்பது விளங்கிவிட்டால், கூடாகும் இடத்தையும் மருந்து எட்டும் இடத்தையும் பற்றிய பாதி விளக்கம் முடிந்துவிடும். கால் உடைய அந்துப் புழுவையும் கால் அற்ற ஈப்புழுவையும் பிரிக்கத் தனிச்சொல் ஆக்குவது அரிதெனினும், ‘காலற்ற புழு’ என்று ஓர் அடையையாவது சேர்த்து எழுதலாம்.

இவற்றினும் கடினமானது ‘ஒட்டுண்ணி’. வேளாண் கையேடுகளில் நன்மை செய்யும் குளவிக்கு இச்சொல்லே வழங்குகிறது. பொதுவழக்கிலோ மாட்டின் உடலில் ஒட்டிக்கிடந்து குருதி உறிஞ்சும் உண்ணியைத்தான் அது முதலில் நினைவூட்டும். மேலும், ஓம்புயிரியைக் கொல்லாமல் சார்ந்து வாழும் உயிரும், அதனைத் தின்று முடித்தே வளரும் குளவியும் உயிரியலில் இருவேறு வகையினர். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். ‘இலையில் ஒட்டுண்ணி மிகுந்துள்ளது’ என்று எழுதினால் படிப்பவர் தெளிப்பானைத்தான் எடுப்பார். ‘ஒட்டுண்ணிக் குளவி’ என்பது இப்போதைக்கு ஏற்கத்தக்கது. பேச்சு வழக்கில் ‘புழுத்தின்னிக் குளவி’ என்றாலும் குற்றமில்லை.